அப்பாலஜெட்டிக்ஸ் என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

சபை வாலிபர் கூடுகைகளிலும் யூடியூபிலும் இப்போது அடிக்கடி காதில் விழுகிற சொல் அப்பாலஜெட்டிக்ஸ். கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்கிறவர்களுக்குக் காரணத்தோடு பதில் சொல்கிற துறைக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். கேட்டதும் பலருக்கு ஆங்கில ‘அப்பாலஜி’தான் ஞாபகம் வருகிறது, ‘கிறிஸ்தவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும்?’ என்று நேராகவே கேட்டுவிடுகிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். இரண்டு சொற்களும் ஒரே வேரில் பிறந்தவை, ஆனால் மன்னிப்பு என்கிற பொருள் ஆங்கிலத்தில் பிற்பாடு வந்து சேர்ந்தது. மூலச் சொல்லில் மன்னிப்புக்கு இடமே இல்லை.

மூலம் கிரேக்கம்: அப்பொலோகியா. அதற்குள் இருக்கிற லோகோஸ், யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தில் ‘வார்த்தை’ என்று நாம் வாசிக்கிற அதே லோகோஸ். பேச்சு, காரணம், கணக்கு எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஏதென்ஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டுகிறவர் பேசுவதற்குக் கட்டெகோரியா என்று பெயர், அதைக் கேட்டுவிட்டுக் குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து பதில் பேசுவதற்கு அப்பொலோகியா என்று பெயர். கி.மு. 399இல் சாக்ரடீஸ் மீது வழக்கு வந்தது: நகரத்தின் தெய்வங்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று. அந்த விசாரணையில் அவர் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலுக்கும் இதே சொல்தான் தலைப்பு. அதை வாசித்துப் பாருங்கள், மன்னிப்புக் கேட்கிற குரலே அதில் இருக்காது. ஆக, இது நீதிமன்றத்தில் பிறந்த சொல். கேள்வி ஒன்று வருகிறது, கேட்கப்பட்டவன் எழுந்து நின்று காரணத்தோடு பதில் சொல்கிறான்.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் 8 இடங்களில் வருகிறது. பெரும்பாலும் பவுலைச் சுற்றித்தான், அதுவும் அவர் விசாரணையில் நிற்கும்போதோ கட்டுண்டு கிடக்கும்போதோ. ஆனால் எல்லாரும் எடுத்துக்காட்டுவது 1 பேதுரு 3:15. பழைய மொழிபெயர்ப்பில் அது இப்படி இருக்கிறது: “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.” இந்த ‘உத்தரவு’தான் அப்பொலோகியா. இன்றைக்கு உத்தரவு என்றால் கலெக்டர் போடுகிற உத்தரவு, அதாவது கட்டளை. அதனால் இந்த வசனத்தைக் கேட்கிற இளைஞர் ஒருவர், கேள்வி கேட்கிறவனுக்குக் கட்டளை போடச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் அவர்மேல் தப்பில்லை. அந்த மொழிபெயர்ப்பில் உத்தரவு என்பது உத்தரம், பதில். 1 கொரிந்தியர் 9:3இல் அதே கிரேக்கச் சொல்லுக்கு ‘மாறுத்தரம்’ என்று போட்டிருக்கிறார்கள். மாறு, உத்தரம் இரண்டும் சேர்ந்த சொல். இன்றைய பேச்சில் அதுவும் போய்விட்டது.

சரி, வேறு எப்படியாவது மொழிபெயர்த்திருக்கிறார்களா? அப்போஸ்தலர் 22ஐத் திறந்து பாருங்கள். எருசலேம் தேவாலயத்தில் பவுலைப் பிடித்து இழுத்து அடித்தாயிற்று, ரோமச் சேவகர் வந்து அவரைக் கூட்டத்திலிருந்து மீட்டு, கோட்டைப் படிகளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கீழே ஜனங்கள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படியில் நின்று, பேச அனுமதி வாங்கி, கையைக் காட்டி அமர்த்திவிட்டு அவர் சொல்கிறார்: “சகோதரரே, பிதாக்களே, நான் இப்பொழுது உங்களுக்குச் சொல்லப்போகிற நியாயங்களுக்குச் செவிகொடுப்பீர்களாக.” அந்த ‘நியாயங்கள்’ கிரேக்கத்தில் அப்பொலோகியா! 2 கொரிந்தியர் 7:11இல் ‘நியாயஞ்சொல்லுதல்’ என்றே வருகிறது. நம் ஊர்ப் பஞ்சாயத்தில், வீட்டுச் சண்டையில், ‘என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்க’ என்று ஒருவர் சொன்னால் அதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை, காரணம் இருக்கிறது கேளுங்கள் என்கிற நம்பிக்கை மட்டும் இருக்கிறது. அப்பொலோகியாவின் சுவை அப்படியே அதில் இருக்கிறது. அதனால்தான் அப்பாலஜெட்டிக்ஸுக்கு ‘விசுவாச நியாயவுரை’ என்பது பொருந்தும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

புழக்கத்தில் இருக்கிற மற்ற சொற்களையும் பார்த்துவிடலாம். ‘தற்காப்பு’ என்று எழுதுகிறார்கள். தவறு என்று தள்ள முடியாது, ஆனால் அதில் அடிக்குத் தப்புகிற வேலை மட்டும்தான் தெரிகிறது, கற்பிக்கிற வேலை தெரியவில்லை. ‘தர்க்கம்’ என்பதை நான் எடுக்கவே மாட்டேன், ஏனென்றால் தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறது. 2 தீமோத்தேயு 2:23இல், சண்டைகளைப் பிறப்பிக்கும் தர்க்கங்களுக்கு விலகியிரு என்றே தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறது. ‘வாதம்’ என்றால் உடனே விதண்டாவாதம் பின்னால் வந்து நிற்கும். ‘மன்னிப்பியல்’ மாதிரி ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்கிற சொற்களைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இந்த வேலை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு 2ஆம் நூற்றாண்டின் ஜஸ்டினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இன்றைய நாப்லுஸ் ஊர்க்காரர், தத்துவம் படித்து அலைந்து கிறிஸ்துவிடம் வந்தவர், அப்புறமும் தத்துவ ஆசிரியர்கள் போர்த்துகிற மேலாடையைக் கழற்றவில்லை. ஏறக்குறைய கி.பி. 155இல் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு ஒரு நியாயவுரை எழுதினார். அன்று கிறிஸ்தவர்கள்மேல் இருந்த பழிகளில் ஒன்று, இவர்கள் நாத்திகர்கள் என்பது. ஜஸ்டின் மழுப்பவில்லை. நீங்கள் சொல்கிற அந்தத் தெய்வங்களைப் பொறுத்தவரை நாத்திகர்கள்தான், ஆனால் மெய்யான கடவுளைப் பொறுத்தவரை அல்ல என்றார். ‘கிறிஸ்தவன்’ என்கிற பெயருக்காகத் தண்டிக்காதீர்கள், செயலை விசாரியுங்கள் என்று கேட்டார்.

இன்னொரு பழி, கூட்டம் கூடி மனித மாம்சம் தின்கிறார்கள் என்பது. அதற்கு அவர் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கோபப்படாமல், கதவைத் திறந்து காட்டுவதுபோல ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை வரிசையாக எழுதிவைத்தார்: நேரம் அனுமதிக்கிற மட்டும் அப்போஸ்தலரின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கிறோம், தலைமை வகிப்பவர் புத்தி சொல்கிறார், எழுந்து ஜெபிக்கிறோம், அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன, வசதி உள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் அந்நியர்களுக்கும் போகிறது. பழிக்குப் பதில் சொல்லும்போதே விசுவாசத்தைக் கற்பித்தும் விட்டார். கடைசியில் ரோமில், சுமார் 165இல், அவருடைய தலையை வெட்டினார்கள். தான் நியாயம் சொன்ன விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தார்.

197இல் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் எழுதிய நியாயவுரை ரோம ஆளுநர்களைப் பார்த்துப் பேசியது. அடுத்த நூற்றாண்டில் ஓரிகன், கிறிஸ்தவத்தைத் தாக்கி கெல்சஸ் என்கிறவர் எழுதிய நூலை எடுத்துக்கொண்டு வரிக்கு வரி பதில் எழுதினார். இந்த வரிசை நீளமானது.

தமிழுக்கும் இது புதிதல்ல. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி எழுதிய ஒரு தமிழ் நூலின் பெயரே ‘தூஷண திக்காரம்’, பழிச்சொற்களுக்கு மறுப்பு. அதே தூஷணம் என்கிற சொல்லை 1854இல் ஆறுமுக நாவலர் ‘சைவ தூஷண பரிகாரம்’ என்று தலைப்பிட்டு, சைவத்தின் மேல் மிஷனரிகள் சொன்னவற்றுக்குப் பதிலாக எழுதினார். நாவலர் யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர், எதிர்த்தரப்பு நூலை உள்ளும் புறமும் படித்துவிட்டுப் பதில் சொன்னவர். அவருடைய முடிவுகளோடு நான் உடன்படவில்லை, ஆனால் இன்னொருவருடைய வேதத்தை முழுதாகப் படிக்காமலே வீடியோ போடுகிற நம் தம்பிமார் இந்த உழைப்பை அவரிடம் கற்றுக்கொள்ளவேண்டும். நன்னூல் என்கிற இலக்கண நூல் சொல்கிற எழுவகை மதத்திலும் (மதம் என்றால் இங்கே நூலாசிரியர் எடுக்கிற நிலைப்பாடு) ‘மறுத்தல்’ ஒன்று, ‘தான் நாட்டித் தனாது நிறுப்பு’ இன்னொன்று. மறுப்பது வேறு, தன் கருத்தை நிலைநிறுத்துவது வேறு என்று நம் இலக்கணக்காரர்கள் தெளிவாகவே பிரித்திருக்கிறார்கள்.

அந்தப் பிரிவு நமக்கும் தேவை. பிறர் கொள்கையைத் தாக்கி எழுதுவதைக் கண்டன உரை என்று தனியாக வையுங்கள். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்திக் கேள்வி பதிலாகச் சொல்லிக்கொடுப்பது ஞானோபதேசம். ஒருவர் விசாரித்துக் கேட்டதற்கு வேதத்திலிருந்தும் காரணத்திலிருந்தும் பதில் சொல்வது நியாயவுரை. தெசலோனிக்கேயில் மூன்று ஓய்வுநாள் பவுல் செய்தது இதுதான், ‘வேதவாக்கியங்களின் நியாயங்களை எடுத்து’ சம்பாஷித்தார் என்று அப்போஸ்தலர் 17:2இல் இருக்கிறது. உயிர்த்தெழுதலைப் பற்றிச் சந்தேகம் கிளம்பினபோதும் 1 கொரிந்தியர் 15இல் சாட்சிகளைப் பட்டியல் போடுகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், ஐந்நூறுக்கும் அதிகமான சகோதரர், அவர்களில் அநேகர் இந்நாள்வரைக்கும் இருக்கிறார்கள் என்று. போய் விசாரித்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

எழுதும்போது, துறையைக் குறிக்க விசுவாச நியாயவுரை, செய்கிறவருக்கு நியாயவுரையாளர், செயலுக்கு ‘விசுவாசத்துக்கு நியாயம் சொல்லுதல்’ என்று போடலாம். கத்தோலிக்க நண்பர்கள் விசுவாசம் இருக்கும் இடத்தில் நம்பிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கேட்கிறவர்களுக்காக முதல் தடவை மட்டும் பக்கத்தில் அப்பாலஜெட்டிக்ஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்திலிருந்து தமிழே போதும்.