மேல் பிரஷர் மட்டும் ஏறுகிறதா? ஹார்மோனையும் பாருங்கள்

“மேலதான் டாக்டர் ஏறுது, கீழ நார்மலா இருக்கு.” கடலூர் முதுநகர், தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் பெரியவர்கள் பலர் இதை நிம்மதியோடு சொல்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை. 170/70 என்றால் நடுவில் இருக்கும் 100தான் என் கண்ணில் படும். வயதானவர்களுக்கு இந்த இடைவெளி 60ஐத் தாண்டினாலே தமனி விறைத்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும்.

இதயம் துடிக்கும்போது பெருந்தமனி விரிந்து ரத்தத்தில் ஒரு பங்கைத் தாங்கி வைத்துக்கொள்ளும். இதயம் ஓயும் நேரத்தில் சுருங்கி அதை முன்னே தள்ளும். வெயிலில் காய்ந்த ரப்பர் குழாய் மாதிரி விறைத்துப்போனால் இது நடக்காது. மேல் அளவு எகிறும், கீழ் அளவு சரியும். துடிப்பின் வேகம் தணியாமல் மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்ணிய குழாய்களில் போய் மோதும்.

வயதானால் தமனி விறைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆல்டோஸ்டிரோனைப் பற்றித்தான் பேச ஆளில்லை. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஊறும் ஹார்மோன் அது. உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியேற்றும். அளவுக்கு மீறினால் தமனிச் சுவரிலேயே அழற்சியை உண்டாக்கி, கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கூட்டி விறைக்க வைக்கும். ஒரே பிரஷர் உள்ள இருவரில், ஆல்டோஸ்டிரோன் மிகுந்தவருக்கு பக்கவாதமும் இதயக் கோளாறும் வரும் வாய்ப்பு கூடுதல். சாப்பாட்டில் உப்பும் அதிகமென்றால் கேட்கவே வேண்டாம். கருவாட்டை அடியோடு விடச் சொன்னால் எங்கள் ஊரில் நோயாளி மறுபடி வரமாட்டார்! நன்றாக ஊறவைத்துக் கழுவி, எப்போதாவது ஒருநாள். அன்றைக்கு ஊறுகாயும் அப்பளமும் கிடையாது. இப்படித்தான் பேரம் பேசுகிறேன்.

ஆல்டோஸ்டிரோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் இந்த நோயை 1955இல் அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் விவரித்தபோது அபூர்வம் என்றே நினைத்தார்கள். இன்று, பிரஷர் உள்ள 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு இருக்கலாம் என்கிறார்கள். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காதவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், 40 வயதுக்குள் பக்கவாதம் வந்தவர் வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பொட்டாசியம் சரியாக இருப்பதால் இந்த நோய் இல்லை என்று விட்டுவிட முடியாது. காலையில் எடுக்கும் ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோனையும், சிறுநீரகத்தில் ஊறும் ரெனினையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை. சில பிரஷர் மாத்திரைகள் முடிவை மாற்றும் என்பதால் எதை நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தமனியை நெகிழ்வாக வைக்க உதவுகிறது. மாதவிடாய் நின்றபின் அந்தத் துணை போய்விடும். அதுவரை பிரஷரே இல்லாத அம்மாக்களுக்கும் மேல் அளவு ஏறும். அதற்காக ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இதயத்தைக் காக்க அதைக் கொடுப்பதில்லை. 2002இல் அமெரிக்காவில் ஹார்மோன் கூட்டு மாத்திரையை வைத்து நடந்த பெரிய ஆய்வு, பக்கவாதமும் மார்பகப் புற்றுநோயும் கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது.

ஆல்டோஸ்டிரோனுக்கு வழி இருக்கிறது. ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு என்றால் அறுவை சிகிச்சை; இரண்டு பக்கமும் என்றால் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரனோலாக்டோன். பழைய, விலை குறைந்த மாத்திரைதான். ஆண்களுக்கு இதனால் மார்பகம் வலித்தால் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மாத்திரையால் பொட்டாசியம் ஆபத்தாக ஏறலாம். ஆரம்பித்த சில நாட்களிலேயே ரத்தப் பரிசோதனை வேண்டும். கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பு பலவற்றில் பொட்டாசியம் இருப்பதால் இந்த மாத்திரை போடுபவர்கள் அதையும் தொடக் கூடாது.