கரோக்கே இயந்திரம் நம் பாட்டை எப்படிக் கேட்கிறது?

ஜப்பானில் படிக்கப் போகிறவர்களுக்கு, வகுப்பு நண்பர்களோடு ஓர் இரவாவது, பின்னணி இசைக்கு நாமே பாடும் கரோக்கே அறையில் கழியாமல் இருக்காது. நான் படித்த கோபே நகரத்தில் அது பெரும்பாலும் சன்னோமியா ரயில் நிலையத்தைச் சுற்றித்தான் நடக்கும். முதலில் இசகாயா என்ற ஜப்பானிய மதுக்கடையில் சாப்பாடும் குடியும். அங்கே கணக்கை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, இரண்டாவது சுற்றுக்குக் கரோக்கே. கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அடுத்த ரயில் காலை ஐந்து மணிவாக்கில்தான். டாக்சிக்குக் கொடுக்கிற காசுக்கு விடிய விடிய ஓர் அறையை எடுத்துவிடலாம் என்பது மாணவர்களின் கணக்கு.

அந்த அறையில் எனக்கு முதலில் வியப்பாக இருந்தது பாட்டு இல்லை, ஒரு பொத்தான். கட்டைக் குரல் உள்ள நண்பன் ஒரு பாடகியின் பாட்டைத் தேர்ந்தெடுத்தான். தொடுதிரையில் சுருதியை மூன்று படி இறக்கினான். அதே பாட்டு, அதே வேகம், சுருதி மட்டும் கீழே. டேப்பில் இது முடியாது. டேப்பை மெதுவாக ஓட்டினால் சுருதி இறங்கும், ஆனால் பாட்டும் இழுத்துக்கொண்டு போகும். அப்படியானால் இந்தப் பெட்டி என்னதான் செய்கிறது?

கோபேயில் இந்தக் கேள்வியைக் கேட்பது பொருத்தம்தான். டோக்கியோவில் நெகிஷி ஷிகெஇச்சி 1967-லேயே கூடப் பாடுவதற்கான ஒரு கருவியைச் செய்திருந்தார். அதை அறியாமல், கோபேயின் மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்கள் பாடப் பாடப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்த இனோவே தைசுகே, 1971-ல் காசு போட்டால் பின்னணி இசை ஒலிக்கும் பெட்டியை உருவாக்கினார். அதை விற்கவில்லை, மதுக்கூடங்களுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமையும் எடுக்கவில்லை. 2004-ல் அவருக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் சாதனைகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசு, அமைதிக்கான பிரிவில் கிடைத்தது.

அவருடைய பெட்டியில் இருந்தது டேப். 1980-களில் லேசர் டிஸ்க் வந்து, திரையில் படமும் வரிகளும் ஓடின. 1985-ல் ஒகயாமாவில் ஒரு பழைய சரக்குப் பெட்டகத்தை அறையாக மாற்றிப் பாடவிட்டார்கள், தனி அறைக் கரோக்கே அங்கிருந்துதான் பரவியது. ஆனால் டேப்போ டிஸ்கோ, கடைக்காரர் பொருளாக வாங்கி அடுக்கினால்தான் பாட்டு. புதுப் பாட்டு வந்தால் அடுத்த டிஸ்க் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

1992-ல் இது மாறியது. அந்த ஆண்டு தொலைபேசி இணைப்பு வழியாகப் பாட்டை அனுப்பும் கரோக்கே வந்தது. அன்றைய இணைப்பில் அது எப்படி முடிந்தது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சிடி தரத்தில் 4 நிமிடப் பாட்டு சுமார் 42 மெகாபைட். அன்றைய ஐஎஸ்டிஎன் என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பின் வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். ஒரே பாட்டு வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால் அவர்கள் ஒலியை அனுப்பவே இல்லை. மிடி என்ற முறையில் வாசிப்பதற்கான குறிப்பை மட்டும் அனுப்பினார்கள். சமைத்த சாப்பாட்டுக்குப் பதிலாகச் சமையல் குறிப்பை அனுப்புவது மாதிரி. எந்த வாத்தியம், எந்தக் கணத்தில், எந்தச் சுரத்தை, எவ்வளவு அழுத்தி, எத்தனை நேரம் வாசிக்க வேண்டும் என்ற விவரம் மட்டும். ஒரு பாட்டுக்குச் சில பத்து கிலோபைட் போதும். 40 கிலோபைட் என்றால் அதே இணைப்பில் 5 விநாடி. அறையில் இருக்கும் பெட்டி குறிப்பைப் படித்து, தன் ஒலிச்சில்லுகளால் அந்த நொடியில் வாசிக்கிறது.

இப்போது சுருதிப் பொத்தான் புரிந்துவிடும். மிடியில் ஒவ்வொரு சுரமும் 0 முதல் 127 வரையிலான ஓர் எண். 440 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு எண் 69. ஓர் எண் கூடினால் அரைச் சுரம் ஏறும், அதாவது அதிர்வெண் சுமார் 6 சதவீதம் கூடும். மூன்று படி இறக்கு என்றால், பெட்டி எல்லா எண்களிலிருந்தும் 3-ஐக் கழிக்கிறது. வேகம் என்பது வேறு ஓர் எண், அதை யாரும் தொடவில்லை. டிரம்ஸுக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அங்கே எண்கள் சுரத்தைக் குறிப்பதில்லை, கருவியைக் குறிக்கின்றன. பொதுவான மிடி வரிசையில் 38 ஸ்னேர் டிரம், 36 பேஸ் டிரம். இரண்டைக் கழித்தால் ஸ்னேர் அடிக்க வேண்டிய இடத்தில் பேஸ் அடிக்கும்! இன்றைய இயந்திரங்களில் நிஜமாகவே பதிவுசெய்த இசையும் கலந்து வருகிறது. ஆனாலும் ஒரு மனிதக் குரலுக்காக முழு இசைக்குழுவையும் இறங்கிவரச் செய்த அந்த எளிய கழித்தலை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

அடுத்து, மைக். பல கடைகளில் வயர் இல்லாத மைக்குகள் வானொலி அலையில் வேலை செய்வதில்லை. டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்கின்றன. ஒரே மாடியில் வரிசையாக அறைகள், எல்லாவற்றிலும் இரண்டு மைக். வானொலி அலை என்றால் அது சுவரைத் தாண்டிப் போகும், பக்கத்து அறைக்காரர் குரல் நம் ஸ்பீக்கரில் கேட்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை ஒதுக்க வேண்டும். அகச்சிவப்பு ஒளியைச் சுவரே தடுத்துவிடும். உற்சாகத்தில் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மைக் முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுப்பதற்குக் காரணம் பின்னால் இருக்கும் துளைகள். அவற்றை மூடினால் ஸ்பீக்கரின் ஒலியையும் சேர்த்து எடுக்கும், அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும், சுற்றிச் சுற்றிப் பெருகிக் கீச்சென்று அலறும்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். நண்பர்கள் போட்டி போடுவது இதற்காகத்தான். திரையில் சின்னச் சின்னக் கிடைக்கோடுகள் ஓடும், அவை பாடவேண்டிய சுரங்கள். நம் குரல் அவற்றின் மேல் வண்ணமாகப் பதியும்.

குரலின் சுருதியை இயந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாம் "ஆ" என்று நீட்டும்போது குரல்நாண்கள் திரும்பத் திரும்பத் திறந்து மூடுகின்றன, அலையும் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு விநாடியில் நூறில் சில பங்கு நீளத் துண்டை எடுத்து, அதைச் சற்றுத் தள்ளித் தள்ளி அதனுடனேயே ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்கான அடிப்படை முறைகளில் ஒன்று. எவ்வளவு தள்ளும்போது இரண்டும் நன்றாகப் பொருந்துகிறதோ, அதுதான் ஓர் அதிர்வின் நேரம். 4.5 மில்லிவிநாடி வந்தால் சுருதி சுமார் 220 ஹெர்ட்ஸ், மிடி எண் 57. குறிப்பில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிட வேண்டியதுதான் பாக்கி. பொதுவாக 12 எண் வித்தியாசத்தை, அதாவது ஒரு ஸ்தாயி மேலேயோ கீழேயோ பாடுவதை, சரி என்றே எடுத்துக்கொள்ளும். பாடகியின் பாட்டை ஆண் கீழ் ஸ்தாயியில் பாடி நல்ல மதிப்பெண் எடுப்பது இதனால்தான்.

சுருதி மட்டும் போதாது. கோடு நேராக நிற்கிறதா, தாளத்தில் விழுகிறதா, சத்தம் ஏறி இறங்குகிறதா என்றும் பார்க்கும். நீண்ட சுரத்தின் முடிவில் விநாடிக்கு 5 முதல் 7 தடவை ஒரே சீராக அசைந்தால் அதை விப்ராட்டோ என்று கணக்கில் சேர்க்கும். கீழிருந்து வழுக்கி ஏறுவதற்கும், எங்கா என்ற ஜப்பானியப் பாடல் வகையில் வரும் சின்னச் சுழிப்புக்கும் தனித்தனி எண்ணிக்கை உண்டு. ஆனால் நம் கமகத்தில் பழகியவர்களுக்கு இங்கே கொஞ்சம் கஷ்டம். சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே நீண்ட நேரம் ஊசலாடும் குரலை, கோட்டுக்கு வெளியே கழிந்த நேரமாகத்தான் அது பார்க்கும். அதற்கு இருக்கும் ஒரே அளவுகோல் அந்த நேர்க்கோடுகள். குறைந்த மதிப்பெண் வந்தது என்று நன்றாகப் பாடுகிறவர்கள் மனம் தளர வேண்டியதே இல்லை.

இன்னொன்று, வார்த்தைகளை அது கேட்பதில்லை. வரிகள் நிறம் மாறுவது குறிப்பில் உள்ள நேரப்படி தானாக நடப்பது. கஞ்சி என்ற ஜப்பானியச் சித்திர எழுத்தைப் படிக்கத் தடுமாறி "லா லா லா" என்று சரியான சுருதியில் பாடினாலும் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. கஞ்சிக்கு மேலே சிறிய எழுத்தில் உச்சரிப்பும் ஓடும், ஹிரகானா என்ற எளிய ஒலியெழுத்து தெரிந்தால் சமாளிக்கலாம்.

விடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்றால் கவனிக்கவேண்டியது தொண்டையை. சுற்றுச் சத்தம் கூடினால் நம்மை அறியாமல் குரலை உயர்த்துவோம். பிரான்சு மருத்துவர் லொம்பார் 1911-ல் விவரித்த விளைவு இது. பின்னணி இசையை அதிரவிட்டால் எல்லோரும் கத்திப் பாடி மூன்று மணிக்கே கரகரத்துப் போவோம். இசை, மைக், எதிரொலி மூன்றுக்கும் பெட்டியில் தனித்தனித் திருகு இருக்கும். முதல் பாட்டுக்கு முன்பே இசையைக் கொஞ்சம் குறைத்து, மைக்கைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். கம்பளமும் சோபாவும் நிறைந்த சிறிய அறை குரலை உறிஞ்சிக்கொள்வதால், ஓரளவு எதிரொலியும் விட்டுவையுங்கள்.