சாமி கூண்டேற வராது

கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு பெண் தன் அம்மாவோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மலைக்கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர். இரண்டு வீட்டுக்கும் சொல்லாத கல்யாணம். கோயில் ரசீது இல்லை, பதிவும் இல்லை. போட்டோ எடுத்த நண்பர் போனைத் தொலைத்துவிட்டார். இப்போது கணவருக்கு அவர் வீட்டில் வேறு பெண் பார்த்து நிச்சயமும் முடிந்துவிட்டது. கேட்டால், "அப்படி ஒரு கல்யாணமே நடக்கலையே" என்கிறாராம்.

"சாமி சந்நிதியில கட்டின தாலிங்க. செல்லாதுன்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

தாலி செல்லும். கட்டினார் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். சாமி கூண்டேறிச் சாட்சி சொல்லாது.

கல்யாணம் தெய்வம் போட்ட முடிச்சா, மனிதர் செய்த ஏற்பாடா என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். நான் தொல்காப்பியர் கட்சி. 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப' என்கிறது தொல்காப்பியத்தின் கற்பியல் பகுதி. ஐயர் என்றால் இங்கே பெரியோர், கரணம் என்றால் சடங்கு. சேர்ந்து வாழ்ந்துவிட்டு 'இவளைத் தெரியாது' என்று பொய் சொல்ல ஆள் வந்த பிறகுதான் ஊரறியச் சடங்கு வந்தது. என் மேசையில் இருக்கும் வழக்குக் கட்டுகளில் பாதி இதே கதைதான். அகநானூற்றின் 86ஆம் பாட்டில் வரும் கல்யாணத்திலும் பந்தல், மணல், விளக்கு, உளுந்துக் களி, மணப்பெண்ணை நீராட்டும் நான்கு பெண்கள் எல்லாம் உண்டு. தீவலமும் புரோகிதரும் இல்லை.

சட்டத்தின் கதையும் அப்படித்தான். புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1967இல் அண்ணா ஆட்சி இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். அதற்கு முன் அப்படி நடந்த கல்யாணங்களும் செல்லுபடியாகிவிட்டன. இதற்காகத் தெய்வம் தன் விதியை மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒரு குழி இருக்கிறது. விசாவுக்காக "முதல்ல ரிஜிஸ்டர் பண்ணிடுவோம், கல்யாணம் அப்புறம்" என்று வருகிறவர்கள் உண்டு. சடங்கு எதுவும் நடக்காமல் சான்றிதழ் மட்டும் வாங்கினால் அது இந்து திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சடங்கே வேண்டாம் என்றால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது, 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

மற்றபடி எந்த மதமானாலும் தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். காதல் கல்யாணமோ, பெரியவர்கள் முடித்ததோ, மண்டபத்து வீடியோவை நம்பி இதை விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணிடம், நண்பரின் கூகுள் கணக்கில் பழைய படம் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்தன்று பூமாலை விற்ற பூக்காரம்மா பக்கத்தில் நின்று அட்சதை போட்டாராம். இப்போது அவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.