கேனைக் கவிழ்த்துப் பார்த்தபின் மதிப்பெண் போடுங்கள்

ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. பக்கத்து வீட்டுத் தம்பி கையில் ஒரு கேனோடு வந்தான். "அக்கா, நீங்கள் வேலை பார்க்கும் ஆலையின் கலங்கல் ஐபிஏ பீர்தானே இது? ஐந்துக்கு இரண்டுதான் போட்டேன். இதற்காகவா சனிக்கிழமை காலையில் அவ்வளவு பேர் வரிசையில் நிற்கிறார்கள்?"

கேனை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். நிரப்பிய தேதி ஏப்ரல் 9. எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். நெடுஞ்சாலை ஓரக் கடை ஒன்றில், குளிர்பெட்டிக்கு வெளியே கதவருகில் அடுக்கி வைத்திருந்ததாம். அதன்பின் இரண்டு நாள் காரின் டிக்கியில் கிடந்திருக்கிறது. நான்கு மாத வயது, அதில் பெரும்பகுதி வெக்கையில். இரண்டு மதிப்பெண் கிடைத்ததே பெரிது.

நான் கோவையில் நுண்ணுயிரியல் படித்தவள். மாசசூசெட்ஸில் ஒரு பீர் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பாதி நாள் ஈஸ்ட் எண்ணுவது, மீதி நாள் முகர்ந்து பார்ப்பது. சில வார இறுதிகளில் வீட்டில் பீர் காய்ச்சுபவர்களின் போட்டிகளுக்கு நடுவராகவும் போகிறேன். எங்கள் ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை; இது எல்லா ஆலைகளுக்கும் பொருந்தும் கதை.

வீட்டுக் குளிர்பெட்டியில் அதே பீரின் மூன்று வாரக் கேன் ஒன்று இருந்தது. இரண்டையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றிச் சன்னல் ஓரத்தில் வைத்தேன். புதியது, பிழிந்த உடனே வாங்கிய கரும்புச் சாறு போல வெளிர் மஞ்சளில் கலங்கி நின்றது. பழையது, அதே கரும்புச் சாற்றை ஒரு மணி நேரம் மேசைமேல் மறந்துவிட்டால் எப்படி மங்கிக் கறுக்குமோ அப்படி இருந்தது: சாம்பல் படிந்த பழுப்பு. தம்பி முதலில் இரண்டும் வேறு வேறு பீர் என்றுதான் நினைத்தான். முகரச் சொன்னேன். புதியதில் கொய்யாவும் மாம்பழத் தோலும். பழையதில் தேன், கொஞ்சம் நனைந்த அட்டைப்பெட்டி. அந்த அட்டை வாடைக்கு முக்கியக் காரணம் டிரான்ஸ்-2-நோனெனால் என்ற சேர்மம். மிகச் சிறிய அளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

எல்லா பீரும் வயதாகும். கலங்கல் ஐபிஏ (இந்தியா பேல் ஏல் குடும்பத்தில் தெளியாமல் கலங்கியிருக்கும் வகை) மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம்? அதன் பிறப்பிலேயே காரணம் இருக்கிறது. வாயில் மாவுப்பசை போன்ற கெட்டித்தன்மைக்காக ஓட்ஸும் கோதுமையும் சேர்க்கிறார்கள். காய்ச்சும்போது போடுவதைவிட மிக அதிகமாக, நொதித்து முடியும் தறுவாயில் தொட்டியில் ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) கொட்டுகிறார்கள். இதை டிரை ஹாப்பிங் என்பார்கள். கொதி படாததால் கசப்பு அதிகம் ஏறாது, மணம் மட்டும் இறங்கும். கூடவே பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புச் சேர்மங்களும் மாங்கனீசும் இறங்கும். தானியத்தின் புரதமும் ஹாப்பின் பாலிஃபீனாலும் கைகோத்து நிற்பதுதான் அந்தக் கலங்கல். அதே பாலிஃபீனால்கள் துளி ஆக்சிஜன் கிடைத்தாலும் நிறம் மாறும். மாங்கனீசு அந்த வேலையை விரைவுபடுத்தும். அதனால் கேனுக்குள் போகும் ஆக்சிஜனை நூறு கோடியில் எத்தனை பங்கு என்று எண்ணுகிறோம். 50-ஐத் தாண்டினால் எங்கள் நிரப்பும் எந்திரத்தை நிறுத்திவிட்டு மூடியை ஆராய்வோம்.

ஆலைக்காரர்களிடையே ஒரு பழைய கணக்கு உண்டு: 3, 30, 300. அதாவது 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள். மூன்றும் பீருக்கு ஏறத்தாழ ஒரே முதுமையைத் தரும். இது லாகர் என்ற சாதாரணத் தெளிந்த பீருக்குப் போட்ட கணக்கு. கலங்கல் ஐபிஏவுக்கு அந்த 300 நாள் எல்லாம் கனவு. குளிரில் வைத்தாலும் இரண்டு, மூன்று மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. கார் டிக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஐபிஏ என்பதில் உள்ள 'ஐ' நம் இந்தியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்தும் பர்ட்டனிலிருந்தும் மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் மாதக்கணக்கில் கப்பலில் வந்து சேர்ந்த பேல் ஏல் என்ற வெளிர்நிற பீரின் வழியாக வந்த பெயர் அது. கடலைத் தாங்கிய பீரின் பேரப்பிள்ளை நெடுஞ்சாலைக் கடையைத் தாங்கவில்லை.

இந்தப் பேரப்பிள்ளை பிறந்த ஊர் வெர்மான்ட் மாநிலத்தின் வாட்டர்பரி. ஜான் கிம்மிக், ஜென் கிம்மிக் தம்பதி 2003-இல் தி ஆல்கெமிஸ்ட் என்ற சிறு மதுக்கூடத்தை அங்கே தொடங்கினார்கள். ஹெடி டாப்பர் என்ற 8 சதவீத பீர் அங்கிருந்துதான் வந்தது. 2011 ஆகஸ்ட்டில் ஐரீன் புயல் வெள்ளம் மதுக்கூடத்தை மூழ்கடித்தது. அதே நேரத்தில் தொடங்கிய, பீரைக் கேனில் நிரப்பும் ஆலை பிழைத்துக்கொண்டு பீரை ஊரெங்கும் கொண்டு சேர்த்தது. கேனிலிருந்தே குடியுங்கள் என்று அந்தக் கேனில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். குடிப்பவர் அதைக் கேட்கலாம். மதிப்பெண் போடுபவர் கேட்கக் கூடாது என்பேன். கேனின் சிறு வாயில் மூக்கை நுழைக்க முடியாது. மூக்கில்லாமல் இந்த பீரில் பாதி இல்லை.

கலங்கல் ஐபிஏ என்ற வகையை அமெரிக்க மது ஆலைகள் சங்கமான புரூவர்ஸ் அசோசியேஷன் 2018-இல்தான் தன் பட்டியலில் சேர்த்தது. நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பும் அதே ஆண்டு தற்காலிகமாகச் சேர்த்து, 2021-இல் தனி வகையாக்கியது. அந்த அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் மூன்றுதான் என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. கலங்கலைப் பார்த்த உடனே "ஆகா" என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. கலங்கல் ஒரு தகுதியன்று. மாவைக் கரைத்துக்கூடக் கலக்கலாம். சேறுபோல் கெட்டியாக இருந்தாலும், துகள் மிதந்தாலும் குறைதான்.

மணத்தை முதலில் எழுதுங்கள், உடனே எழுதுங்கள். ஊற்றிய முதல் நிமிடத்தில் மேலெழும் ஆவி திரும்பி வராது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் மணம் உறங்கும். 7 முதல் 10 டிகிரிக்கு வரட்டும். கோப்பையில் பாத்திரச் சோப்பின் பிசுக்கு இருந்தால் நுரை உடனே படுத்துவிடும், அதற்குக் காய்ச்சியவரைத் திட்டாதீர்கள்.

பலர் லேபிளில் இருக்கும் சொற்களையே திருப்பி எழுதுகிறார்கள். பேஷன் ஃபுரூட் சாப்பிட்டே இராதவர் பேஷன் ஃபுரூட் என்று எழுதுவது எதற்கு? நமக்கு நம் மூக்கின் அகராதி இருக்கிறது. ஹாப் எண்ணெயில் அதிகம் இருக்கும் மிர்சீன் என்ற மணப்பொருள் மாம்பழத்திலும் இருக்கிறது. லினலூல் நம் அஞ்சறைப்பெட்டிக் கொத்தமல்லி விதையின் முக்கிய மணம். 'மொசாயிக்' ஹாப் போட்ட பீரில் ஒரு முறை "நார்த்தை இலை கசக்கியது" என்று எழுதினேன். உடனிருந்த அமெரிக்க நடுவர் பொருள் கேட்டார். ஹாப்பை மிகத் தாமதமாக அறுவடை செய்தால் சில வகைகளில் வெங்காயம், பூண்டு வாடை வரும். சமையலறையில் வளர்ந்த நம்மவர்கள் இதை யாருக்கும் முன்னால் பிடித்துவிடுவார்கள்.

வெண்ணெய் மணம் வந்தால் என்ன? பாப்கார்ன் கடை வாசலை நினைவூட்டும் அது டைஅசிட்டைல் என்ற சேர்மம். இந்த வகையில் அது அடிக்கடி தலைகாட்டும். ஹாப்பிலேயே மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. அவை ஈஸ்ட் விட்டுவைத்த பெரிய சர்க்கரைகளை உடைக்க, முடிந்ததாக நினைத்த நொதித்தல் மீண்டும் தொடங்கும். அப்போது வெண்ணெய் மணமும் பிறக்கும். பிரௌன், மோரிஸ் என்ற இரு ஆங்கில வேதியியலாளர்கள் 1893-லேயே இதை எழுதிவிட்டார்கள். நாம் நூறு ஆண்டு மறந்திருந்தோம். எங்கள் கூடத்தில் சோதனை எளிது. தொட்டியிலிருந்து இரண்டு மூடிய குப்பிகளில் மாதிரி எடுப்போம். ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்துப் பிறகு ஆற்றுவோம், மற்றது அப்படியே. இரண்டையும் திறந்து முகர்ந்தால், சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் எழும்பினால் அந்தத் தொட்டி இன்னும் கேனுக்குத் தயாராகவில்லை. விற்பனைப் பிரிவுக்காரர் எவ்வளவு முகம் சுளித்தாலும் காத்திருப்போம். எங்கள் குழுவில் ஒருவருக்கு இந்த மணம் அறவே தெரியாது, பிறவியிலேயே அப்படி. அவரை அந்தச் சோதனைக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு குருட்டு இடம் இருக்கலாம், ஆகவே ஒருவர் மூக்கை மட்டும் நம்பாதீர்கள்.

இதே மறுநொதித்தல் கேனுக்குள் நடந்தால் அழுத்தம் ஏறும். கேன் இரு பக்கமும் உப்பியிருந்தால் முகத்துக்கு அருகில் வைத்துத் திறக்க வேண்டாம். வாங்கிய இடத்துக்கே சொல்லிவிடுங்கள்.

புதியதே நல்லது என்று இவ்வளவு சொன்னேன். இப்போது கொஞ்சம் பின்வாங்குகிறேன். நிரப்பி இரண்டு நாள்கூட ஆகாத கேனைக் குடித்தால் தொண்டை காறும். ஆங்கிலத்தில் இதற்கு எரிச்சல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் கருணைக்கிழங்கு தின்றவர்களுக்குத் தெரியும், இது எரிச்சல் இல்லை, காறல். மிதக்கும் ஹாப் துகளும் பாலிஃபீனாலும் செய்யும் வேலை. கருணையை வாங்கியதும் சமைக்காமல் சில நாள் மூலையில் போட்டுவைப்பார் என் பாட்டி, காறல் அடங்கட்டும் என்று. கேனையும் அப்படியே, ஆனால் மூலையில் இல்லை, குளிர்பெட்டியில், நிமிர்த்தி. ஒன்றிரண்டு வாரத்தில் துகள் அடியில் படியும். ஊற்றும்போது கடைசி விரற்கடையைக் கேனிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது, எத்தனை குடித்தபின் மதிப்பெண் போடுகிறீர்கள் என்பது. கசப்பு நாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு மூக்கு ஹாப் மணத்தைப் பழகிவிட்டு அறிவிப்பதை நிறுத்திவிடும். நடுவர்கள் இடையிடையே தங்கள் சட்டைக் கையை முகர்வதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். சொந்த வாடையில் மூக்கை மீட்டுக்கொள்கிறோம். நாக்குக்கு உப்பில்லாத ரொட்டி, தண்ணீர், அவ்வளவுதான்.

பழச்சாறு போல இருப்பதுதான் இந்த பீரின் வஞ்சகம். 355 மில்லி, 5 சதவீத சாதாரண பீரில் 14 கிராம் ஆல்கஹால் இருக்கிறது; அமெரிக்காவில் அதையே ஓர் அளவு என்கிறார்கள். கலங்கல் ஐபிஏ கேன் பெரும்பாலும் 473 மில்லி. 8 சதவீதம் என்றால் ஏறத்தாழ 30 கிராம். அதாவது "ஒரு பீர்தான் குடித்தேன்" என்பவர் இரண்டுக்கு மேல் குடித்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, கேன்தான் சொல்கிறது. அதன்பின் காரை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே வைத்துவிட்டது. இந்தத் தொழிலில் சம்பளம் வாங்கும் நான் இதைச் சொல்வது முரணாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் கூடத்தில் ஒரு மாதிரிக்கு ஊற்றுவது 60 மில்லி, அதிலும் இரண்டு வாய்க்கு மேல் போனால் மேலாளர் பார்ப்பார். மிச்சமெல்லாம் கைகழுவும் தொட்டிக்கு.

ஒரு குறிப்பு: கோதுமை, ஓட்ஸ் தவிர 'மில்க்‌ஷேக்' என்று பெயர் போட்டவற்றில் பால் சர்க்கரையும் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

அன்று மாலை தம்பியிடம் தாளைக் கொடுத்து இரண்டு கோப்பைக்கும் தனித்தனியே எழுதச் சொன்னேன். பழையதற்கு 50-க்கு 18, புதியதற்கு 36. நான் புதியதற்கு 33 போட்டேன். "உங்கள் சொந்த ஆலைப் பீருக்கே குறைக்கிறீர்களே அக்கா" என்றான். இன்னும் லேசாகக் காறியது, அதனால்தான்.

இரண்டு வாரம் கழித்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்டது. தம்பி வேறோர் ஆலையின் கேனைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

"ஐந்து நாள்தான் ஆகிறது, அக்கா. திறக்கட்டுமா?"

"அடுத்த ஞாயிறு வரை குளிரில் இருக்கட்டும்" என்றேன்.