நாக்கிங்: எரிதட்டல்

சேலத்திலிருந்து தருமபுரிக்கு வரும்போது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சில பெட்ரோல் கார்கள் கிணுகிணுக்கும், தகர டப்பாவில் கூழாங்கல்லைக் குலுக்கியது போல. பட்டறையில் சொன்னால், "நாக்கிங் அடிக்குதுங்க" என்பார்கள்.

நம் 'நாக்கு'க்கும் இதற்கும் உறவில்லை. கதவைத் தட்டுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் இது; ஒலியைப் பார்த்துப் பிறந்த சொல். பிரிட்டன்காரர்கள் இதே சத்தத்தைப் 'பிங்கிங்' என்பதும் உண்டு. அதுவும் ஒலிக்குறிப்புதான்.

சிலிண்டருக்குள் பிளக் பொறி தட்டியதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவுகிறது. அது போய்ச் சேருமுன், எதிர்ப்பக்கம் எஞ்சியிருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாளாமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதி எழும் ஒலிதான் நமக்குக் கேட்பது. ஏற்றத்தில் பாரம் அதிகம், இன்ஜின் சுற்று குறைவு. தானாகப் பற்ற நேரம் கிடைத்துவிடுகிறது. மூன்றாம் கியருக்கு இறக்கினால் பெரும்பாலும் அடங்கும்.

இதை 'முன்னெரிவு' என்று மொழிபெயர்ப்பது தவறு. பொறிக்கு முன்பே பற்றுவது வேறு கோளாறு. இது பொறிக்குப் பிறகு நடப்பது. 'இடிப்பு' நல்ல சொல்தான், ஆனால் வண்டி குலுங்கிக் குலுங்கிப் போவதையும் "இடிக்குது" என்றே சொல்கிறோம். தட்டல் என்பதே மூலச்சொல்லுக்கும் ஒலிக்கும் பொருந்துகிறது. எரிதலால் வருவதால் 'எரிதட்டல்' என்பது என் தேர்வு.

முன்னொட்டு இல்லாமல் வெறும் 'தட்டல்' என்றால் சிக்கல் வரும். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கன்ராடின் பேரிங் தேய்ந்தாலும் தட்டும். அது கனத்த 'டொக் டொக்'. நியூட்ரலில் சுற்றை ஏற்றி இறக்கினாலும் கேட்கலாம். எரிதட்டலுக்குப் பாரம் வேண்டும். நியூட்ரலில் பொதுவாக மறைந்துவிடும். பேரிங் என்றால் வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். சைலன்சர் மேலுள்ள வெப்பத் தகடு தளர்ந்தாலும் ஒருவகைக் கிணுகிணுப்பு வரும், செலவே இல்லாத வேலை. முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

எரிதட்டலைத் தாங்கும் திறனுக்குத்தான் ஆக்டேன் எண்: எளிதில் தட்டாத ஐசோ ஆக்டேனுக்கு 100, எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0. 1921இல் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் மிட்ஜ்லி ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்து தட்டலை அடக்கினார். அந்த நஞ்சை இந்தியா 2000இல்தான் பெட்ரோலிலிருந்து முழுமையாக நீக்கியது. இன்றைய கார்களில் நாக் சென்சார் அதிர்வை உணர்ந்து பொறி நேரத்தைத் தள்ளிப்போடுகிறது. ஆகவே சத்தம் கேட்காமல் பிக்கப் மட்டும் குறையலாம். அப்போதும் கார்பன் படிவு, பொருந்தாத பிளக், இன்ஜின் சூடு இவற்றைப் பார்க்க வேண்டும்.

டீசலில் கதை தலைகீழ்: எரிபொருள் பற்றத் தாமதித்தால்தான் தட்டும். அதனால் அங்கே ஆக்டேன் அல்ல, எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதைச் சொல்லும் சீட்டேன் எண். ஓசூர்ப் பக்கம் மார்கழிக் காலையில் வண்டி கிளப்பியதும் கடகடவென்று அடித்து, இன்ஜின் சூடானதும் தணியும் சத்தத்தில் இந்தத் தாமதத்துக்கும் பங்குண்டு.