சுக்குட்டிப் பழம் நல்லதுதான், ஆனா பச்சையா இருக்கும்போது வேண்டாம்

ஈரோடு பக்கம் குழந்தைங்க டாக்டரா இருக்கேன். லீவு விட்டா அம்மாயி ஊருக்குப் போற பசங்க காடு மேடெல்லாம் சுத்தி கைக்கு கிடைச்சத பறிச்சு சாப்பிடுவாங்க, அதுல தப்பே இல்ல, நானும் இலந்தப்பழம் களாக்காய்னு தின்னு வளர்ந்தவன்தான். ஆனா போன லீவுல வந்த ஒரு ஆறு வயசுப் பையனப் பத்தி சொல்லியே ஆகணும்.

மத்தியானம் தோட்டத்துல விளையாடியிருக்கான், சாயங்காலம் வயித்து வலி, அடுத்தடுத்து வாந்தி, ராத்திரி எங்கிட்ட வரும்போது துவண்டு போயிருந்தான். என்ன சாப்பிட்டான்னு கேட்டா அம்மாயி தயங்கித் தயங்கி, "ஏனுங்க டாக்டர், சுக்குட்டிதானுங்க தின்னான், அது வாய்ப்புண்ணுக்கே குடுக்கறதுதானுங்களே?"ன்னாங்க. என்ன கலர்ல இருந்துச்சுன்னு பையன்கிட்ட கேட்டேன். பச்சை. ரெண்டு கை நிறைய.

சுக்குட்டின்னு நாங்க சொல்றதத்தான் மத்த ஊர்ல மணத்தக்காளி, மிளகுதக்காளின்னு சொல்றாங்க. வேலி ஓரம், வாய்க்கா வரப்பு, மாட்டுச் சாளைக்குப் பின்னாடின்னு யாரும் விதைக்காமலே முளைக்கும். சின்ன வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சள், காய் மிளகை விட கொஞ்சம் பெருசா கொத்துக் கொத்தா தொங்கும். பழுத்தா ஒரு வகை கருப்பாகும், இன்னொரு வகை ஆரஞ்சு செவப்பாகும், ரெண்டும் சாப்பிடலாம். ஆனா காய் பச்சையா இருக்கும்போது அதுல சோலனின்னு ஒரு நச்சு அதிகமா இருக்கு, முளை விட்டு பச்சை பூத்த உருளைக்கிழங்குல இருக்கிற அதே சமாச்சாரம்தான். பழுக்கப் பழுக்க குறைஞ்சிடும். சாதாரணமா வேகவைக்கிற சூட்டுக்கு இது அழியாது. சாப்பிட்ட உடனே ஒன்னும் தெரியாது, சில மணி நேரம் கழிச்சுத்தான் வாந்தி, பேதி, தலைவலின்னு ஆரம்பிக்கும், அளவு ரொம்ப அதிகமானா மயக்கம் வரைக்கும் போகும்.

அப்போ பச்சைக் காயத்தான வத்தல் போடறோம்னு கேப்பீங்க. ஆமா, ஆனா அத கீறி உப்பு மோர்ல ஊறப்போட்டு, பகல்ல வெயில், ராத்திரி திரும்ப மோர்னு நாலஞ்சு நாள் பண்ணி, பொரிச்சு கொழம்புல ஒரு ஸ்பூன் போடறோம். அதுவும் கை நிறைய பச்சையா மெல்றதும் ஒன்னில்ல. சின்னக் குழந்தைங்களுக்கு வத்தல அள்ளி வைக்காதீங்க.

இன்னொரு பக்கம் நெட்ல பார்த்துட்டு "இது நைட்ஷேட், கொடிய விஷம்"னு செடியவே புடுங்கி எறியறவங்களும் இருக்காங்க. ஐரோப்பாக்காரங்க பயப்படற பெல்லடோனா வேற செடி, அதுல பழம் ஒத்தையா, பெருசா, மணி மாதிரி ஊதாப் பூவோட இருக்கும், நம்ம சமவெளிக் காடுகள்ல அது தானா முளைக்கிறதில்ல. ரெண்டும் ஒரே குடும்பம், அதனால வந்த குழப்பம்.

நம்ம ஊர்ல நிஜமாவே பயப்பட வேண்டியது வேற. காட்டாமணக்கு விதை கடலை மாதிரி ருசியா இருக்கும், ஒரு பையன் தின்னா கூட இருக்கிற பத்து பசங்களும் தின்னுட்டு ஒன்னா வாந்தி எடுத்துட்டு வருவாங்க, 2000க்கு அப்புறம் பயோடீசலுக்குன்னு ஊர் ஊரா நட்டாங்க, வேலியில ஏற்கனவே இருந்ததும் சேர்ந்துக்கிச்சு. குன்றிமணி அதவிட மோசம், முழுசா முழுங்கினா பல சமயம் அப்படியே வெளிய வந்துடும், மென்னுட்டா உயிருக்கே ஆபத்து. உண்ணிச்செடிக் காயும் பச்சையா இருக்கும்போது ஆகாது. இந்த மூணையும் குழந்தைக்கு நேர்ல கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, வாயால சொன்னா மனசுல நிக்காது.

பறிக்கிற இடமும் முக்கியம். சாக்கடை ஓரம், களைக்கொல்லி அடிச்ச வரப்பு, வண்டி ஓடற ரோட்டோரம், இங்கெல்லாம் வேண்டவே வேண்டாம், கழுவினாலும் மருந்து முழுசா போகும்னு சொல்ல முடியாது. பழுத்த பழம் நாலஞ்ச ஒரு தொட்டியில நசுக்கி விட்டாப் போதும், வீட்டு வாசல்லயே செடி வந்துடும்.

அப்புறம் வாய்ப்புண். கீரையும் பழமும் சாப்பிடுங்க, நான் தடுக்கல. ஆனா திரும்பத் திரும்ப வந்தா இரும்புச்சத்து, பி12 குறைவா இருக்கலாம், டெஸ்ட் பண்ணணும். வீட்ல பெரியவங்க யாருக்காவது, குறிப்பா பொயலை போடறவங்களுக்கு, ஒரே புண் மூணு வாரமா ஆறலைன்னா கீரைய நம்பி உக்காராம வாயைக் காட்ட கூட்டிட்டு வாங்க.

எதையாவது தின்னுட்டான்னு தெரிஞ்சா உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி, சாணித் தண்ணின்னு குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். உப்புத் தண்ணியால ரத்தத்துல உப்பு ஏறி வலிப்பு வந்த குழந்தைங்கள பார்த்திருக்கேன். வாயில மிச்சம் இருந்தா விரலால எடுத்து, கொப்பளிக்கச் சொல்லி, 108க்கு கூப்பிடுங்க.

அந்த அம்மாயி ஒரு நல்ல காரியம் பண்ணாங்க. அவ்வளவு பதட்டத்துலயும் செடியில ஒரு கொத்த ஒடிச்சு முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்திருந்தாங்க. அத மேசை மேல வெச்சுப் பார்த்ததும் இது காட்டாமணக்கும் இல்ல குன்றிமணியும் இல்லன்னு அந்த நிமிஷமே எனக்கு தெளிவாயிடுச்சு, டிரிப்ஸ் போட்டு ராத்திரி பூரா பக்கத்துல வெச்சுப் பார்த்தோம், காலைல பையன் இட்லி கேட்டான்.