‘ஃப்ளஷ் வேண்டாம் என்று சொன்னேனே!’: ஆயில் மாற்றும்போது உங்கள் சொல் எங்கே தொலைகிறது?

“நான் சொன்னதை மெக்கானிக் கேட்கவேயில்லை” என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அந்த மெக்கானிக் அந்த வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை.

கோவையில் ஓர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் அட்வைசராக (வாடிக்கையாளரிடம் பேசி வண்டியை வாங்கிக்கொள்பவராக)ச் சேர்ந்து, மேலாளராக இருந்து, இப்போது சொந்தமாக ஒரு சிறிய ஒர்க்ஷாப் நடத்துகிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: டீலரிடம் காரை விடும்போது நீங்கள் ஒரு மனிதரை நம்பவில்லை. உங்கள் வாய்வார்த்தை நான்கு கை மாறி, உருக்குலையாமல் போய்ச் சேரும் என்று நம்புகிறீர்கள். அங்கேதான் கோளாறு.

காலை ஒன்பது மணிக்கு அட்வைசர் உங்களைச் சந்திக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு கார்கள் வரிசையில் நிற்கின்றன. நீங்கள் சொல்வதைத் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே ஜாப் கார்டு, அதாவது வண்டியில் செய்ய வேண்டிய வேலைகளின் சீட்டு, போடுகிறார். கணினியில் ‘10,000 கி.மீ. சர்வீஸ்’ என்ற ஒரு வரியைத் தேர்ந்தால் போதும். எந்த ஆயில், எத்தனை லிட்டர், எந்த ஃபில்டர், எவ்வளவு லேபர் என்று முழுப் பட்டியலும் தானாக வந்து விழும். ‘கஸ்டமர் வாய்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நீங்கள் சொன்னது அந்தக் கட்டத்துக்குள் போனால் பிழைக்கும், போகாவிட்டால் அந்த நிமிடமே செத்தது. அச்சான கார்டு ஃப்ளோர் சூப்பர்வைசரிடம் போகிறது. அவர் காலியான லிஃப்டில் காரை ஏற்றச் சொல்கிறார். மெக்கானிக்கின் கைக்கு வருவது அந்தக் காகிதமும் உதிரிபாக அறையிலிருந்து வந்த பொருள்களும் மட்டுமே. கல்யாணப் பந்தியில் ‘என் இலைக்கு மட்டும் உப்புக் குறைவாக’ என்று பரிமாறுகிறவரிடம் சொல்வது போலத்தான் இது. அவர் நல்லவர்தான், ஆனால் அண்டா ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஈரோட்டிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி தன் டீசல் எஸ்யூவியோடு வந்தார். வேறொரு இடத்தில் சர்வீஸ் விட்டபோது மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: எஞ்சின் ஃப்ளஷ் (ரசாயனம் ஊற்றி எஞ்சினின் உட்புறத்தைக் கழுவுவது) வேண்டாம், சீல் பிரிக்காத கேனை என் கண்முன் பிரிக்க வேண்டும், பழைய ஃபில்டரைத் தர வேண்டும். மாலையில் கைக்கு வந்த பில்லில் ‘எஞ்சின் ஃப்ளஷ் - 1’ என்று இருந்தது. ஆயில் கேன் கணக்கில் இல்லை, டிரம்மிலிருந்து லிட்டர் கணக்கில் ஊற்றப்பட்டிருந்தது. ஃபில்டரைக் கேட்டதற்கு “ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் சார்” என்றார்களாம்.

ஜாப் கார்டின் நகலை வாங்கிப் பார்த்தேன். கஸ்டமர் வாய்ஸ் கட்டத்தில் இருந்தது இரண்டே வரி: ‘ஜெனரல் சர்வீஸ். முன் பிரேக் சத்தம்.’ அந்த வண்டியில் வேலை பார்த்த பையன் ஒரு காலத்தில் என்னிடம் இருந்தவன். போனில் கேட்டேன். “அண்ணா, எனக்கு வந்த கார்டில் ஃப்ளஷ் போட்டிருந்தது, டப்பாவும் ஸ்டோரிலிருந்து வந்தது. நான் எப்படி ஊற்றாமல் இருப்பது?” என்றான். அவன் கேட்டதில் தவறே இல்லை. ஊற்றாமல் விட்டிருந்தால், பில்லில் இருக்கும் பொருள் எங்கே போனது என்று அவனைத்தான் பிடித்திருப்பார்கள்.

அப்படியானால் ஃப்ளஷ் எப்படிக் கார்டுக்குள் வந்தது? இதில் அட்வைசருக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. எஞ்சின் ஃப்ளஷ், ஏசி சுத்திகரிப்பு, அடிப்பகுதிப் பூச்சு போன்றவற்றை இத்தனை விற்க வேண்டும் என்று மாத இலக்கு வைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். மாதக் கடைசியில் விட்ட வண்டியில் இவை கூடுதலாகவே எட்டிப் பார்க்கும். ஃப்ளஷ் என்பது வடிக்கப்போகும் பழைய ஆயிலில் ஒரு ரசாயனத்தை ஊற்றி, சிறிது நேரம் எஞ்சினை ஓடவிட்டு, பிறகு மொத்தத்தையும் வடிப்பது. ஒழுங்காக ஆயில் மாற்றி வந்த எஞ்சினுக்கு அது தேவையில்லை. பெரும்பாலான கார்களின் கையேட்டுச் சர்வீஸ் அட்டவணையில் அந்தப் பேச்சே இருக்காது. வடித்த பிறகும் உள்ளே கொஞ்சம் தங்கும் என்பதால், தரமற்ற ரசாயனமென்றால் புதிய ஆயிலையும் அது நீர்க்கச் செய்யும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாடிக்கையாளர் சொல்வது எல்லாமே சரியாக இருப்பதில்லை. “நம்ம ஊர் வெயிலுக்கு 0டபிள்யூ-20 ஆயில் தண்ணீர் மாதிரி. 20டபிள்யூ-50 ஊற்றுங்கள்” என்று மாமா சொன்னதைக் கேட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டுவது. பின்னால் வருவது எஞ்சின் சூடான பிறகு, ஏறத்தாழ 100 டிகிரியில், எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பது. எஞ்சினுக்குள் அந்தச் சூடு கோவையிலும் ஒன்றுதான், ஊட்டியிலும் ஒன்றுதான்; கூலிங் அமைப்பு அதைப் பிடித்து வைத்திருக்கிறது. இன்றைய பெட்ரோல் எஞ்சின்களில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான். சிலவற்றில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது. பொருந்தாத ஆயில் அந்தப் பெல்ட்டை அரித்துவிடும். பிஎஸ்-6 டீசலில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டியே எரித்துக்கொள்ளும், ஆனால் ஆயில் எரிந்து விடும் சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயிலைக் கையேடு கேட்கிறது. விலை குறைவென்று பழைய டீசல் ஆயிலை ஊற்றச் சொன்னால், மிச்சமாகும் சில நூறு ரூபாய் பின்னால் வடிகட்டிக்காகப் பல ஆயிரங்களாகப் போகும்.

இப்படிப்பட்ட ஆணையை ஒரு மெக்கானிக் மறுத்தால் அவர் பக்கமே நான் நிற்பேன். ஆனால் மறுப்பதை வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். “சரி சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே வேறொன்றை ஊற்றுவதுதான் இந்தத் தொழிலின் சாபக்கேடு.

இனி, காரை விடும்போது என்ன செய்யலாம்? அட்வைசர் தட்டச்சு செய்யும் திரையை எட்டிப் பாருங்கள். நாகரிகக் குறைவு என்று தயங்க வேண்டாம். உங்கள் நிபந்தனை அந்தக் கட்டத்தில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். ‘நல்ல ஆயில் போடுங்கள்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘5டபிள்யூ-30, ஏபிஐ எஸ்பி தரம், சீல் கேன், உரிமையாளர் முன் பிரிக்கவும், ஃப்ளஷ் கூடாது, பழைய ஃபில்டர் வேண்டும்’ என்பது போல, உங்கள் கார் கையேடு சொல்லும் ஆயில் எண்ணையும் தரக் குறியீட்டையும் போட்டு எழுதினால் மெக்கானிக்கும் கேட்பார், ஸ்டோரும் கேட்கும். அந்தக் காகிதத்தை உங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டிமேட்டை மீறி எதைச் சேர்ப்பதானாலும் முன்கூட்டி போன் செய்து கேட்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு மறுக்கிற இடமென்றால், வேறு இடம் பார்க்க அதுவே போதுமான காரணம்.

பழைய ஆயிலையும் கொடுங்கள் என்று சிலர் சண்டை போடுவார்கள். அது வேண்டாம். கழிவு ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டியது ஒர்க்ஷாப்பின் பொறுப்பு.

பழைய ஃபில்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்து கேட்டால் ஒரு கறுத்த ஃபில்டரை எடுத்து நீட்டுவார்கள். அது உங்கள் வண்டியில் இருந்ததுதானா? மூலையில் ஒரு பெரிய டப்பா நிறைய ஃபில்டர் கிடக்கும். எந்தக் காரின் ஃபில்டரும் பார்வைக்கு ஒன்று போலத்தான். ஆகவே, எட்டும் இடத்தில் இருந்தால், காரை விடுவதற்கு முதல்நாள் அதன் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு போட்டது கைக்கு வந்தால் மாற்றியிருக்கிறார்கள். வராவிட்டால் குனிந்து எஞ்சினில் பாருங்கள். அங்கேயே கோட்டோடு உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

வண்டியை எடுக்கும்போது உடனே கிளம்பாதீர்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே, மேல் குறியை ஒட்டி இருந்தால் நல்லது. பெரும்பாலான கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் உள்ள இடைவெளி சுமார் ஒரு லிட்டர். மேல்குறியைத் தாண்டி நின்றால் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள் என்று மகிழ வேண்டாம். அளவு மிகவும் கூடினால் எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரைக்கச் செய்யும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காக்காது. பில்லில் உள்ள லிட்டரையும் கையேட்டில் உள்ள கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். கேனில் மிச்சம் இருந்தால் அது உங்களுடையது, கேட்டு வாங்குங்கள்.

நிறத்தை வைத்து முடிவுகட்டி மெக்கானிக்கைத் திட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோல் வண்டியில் மாற்றிய கையோடு பார்த்தால் ஆயில் தேன் நிறத்தில் தெரிய வேண்டும். கன்னங்கரேலென்று இருந்தால் கேள்வி கேளுங்கள். டீசலில் கதை வேறு. வடித்த பிறகும் உள்ளே தங்கும் கொஞ்சம் பழைய ஆயிலில் இருக்கும் கரியே போதும், வீடு போய்ச் சேர்வதற்குள் புதிய ஆயில் கறுத்துவிடும். என் கண்ணெதிரில் புது ஆயில் ஊற்றிய டீசல் காரை மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து “ஆயிலே மாற்றவில்லை” என்று சத்தம் போட்டவர்களைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். நகரத்துக்குள் சிறு தூரமே ஓடும் டிபிஎஃப் டீசலில் எரியாத டீசல் ஆயிலில் கலந்து அளவு மெல்ல ஏறுவதும் உண்டு. ஆகவே சில வாரம் கழித்து அளவு கூடியிருந்தால் அதையும் மெக்கானிக் தலையில் கட்டாதீர்கள்.

உண்மையில் நான் அஞ்சுவது அவசரத்தில் நடக்கும் தவறுகளுக்குத்தான். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் புதிய ஃபில்டரை முடுக்கினால் பழையதும் புதியதுமாக இரண்டு வளையங்கள் சேர்ந்துவிடும். ஒர்க்ஷாப்பில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. நெடுஞ்சாலையில் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் மொத்த ஆயிலும் சாலையில் கொட்டிவிடும். ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். சில ரூபாய்ப் பொருள்தான், அதனால்தான் மறந்துவிடுகிறார்கள். அலுமினியச் சேம்பரில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) அந்தப் போல்ட்டைக் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கினால் மரை போய்விடும், அப்புறம் சேம்பரையே மாற்ற வேண்டியதுதான். ‘புதிய வாஷர், டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து முடுக்கும் கருவியில்) முடுக்கவும்’ என்ற வரியும் ஜாப் கார்டில் இடம்பெறத் தகுதியானது. வீட்டுக்கு வந்ததும் இரவு காருக்கு அடியில் ஓர் அட்டைத் துண்டை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் வண்டியை எடுக்காமல் சர்வீஸ் சென்டருக்கே போன் போடுங்கள்.

டீலரிடம் மட்டும்தான் போக வேண்டும், வெளியே போனால் உத்தரவாதம் மொத்தமும் போய்விடும் என்ற பயத்தில் பலர் எதையும் கேட்காமல் பில்லைக் கட்டிவிடுகிறார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள்மீது 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகங்கள் கிடைக்காமல் தடுத்ததும், வெளியே வேலை பார்த்தால் உத்தரவாதம் ரத்து என்று சொன்னதும் அதில் கண்டிக்கப்பட்டன. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. நடைமுறையில், உத்தரவாதக் காலத்தில் அட்டவணைப்படி சர்வீஸ் செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் பயந்துகொண்டு வாயை மூட வேண்டாம்.

கார்டில் எழுதியும் செய்யவில்லை என்றால், முதலில் சர்வீஸ் மேலாளரிடம் கார்டையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஃப்ளஷ் தொகையைத் திருப்பித் தருவது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை, பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ஈரோட்டுக்காரருக்குக் கிடைக்காமல் போனது, அவர் சொன்னது எந்தக் காகிதத்திலும் இல்லாததால்தான். அங்கே முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இணையத்திலும் பதிவு செய்யலாம். ஜாப் கார்டின் நகல், பில், நீங்கள் எடுத்த படம் மூன்றையும் இணையுங்கள்.